கறுப்பு நூல் கட்டிய பை

என் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல்கண்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போன என் தம்பி கணேசுக்கு,

உன் பெயருக்கு மறுபடியும் தபால் வந்திருக்கிறது. நீளமான பழுப்பு உறை. மேலே தட்டச்சில் 'திரு. கா. கணேசன்'. நீ படித்து, பிறகு வேலையும் பார்த்த பல்கலைக்கழகத்து இரசாயனப் பகுதி வருஷா வருஷம் அச்சடிக்கிற செய்தி மடல்தான். உறைக்கு மேலே நீ உயிரோடு இருக்கிறாய். உள்ளே நாலாம் பக்கத்தில் 'காலஞ்சென்ற' என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே எழுதியவருக்குத் தெரிந்தது உறை ஒட்டியவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு படித்தவர்கள் இருக்கிற இடத்தில் இதைக்கூட ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள மாட்டார்களா?

தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் அந்த உறையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இத யாருகிட்டம்மா குடுக்கிறது?" என்று கேட்டார்.

"எங்கிட்டத்தாங்க குடுக்கணும். அவன் கடுதாசிய வாங்க வேற யாரு இருக்கா?" என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். போன மாதமும் இப்படித்தான் ஒன்று வந்தது. பிரஜாவுரிமை விசாரணைக்கு உன்னை நேரில் வரச்சொல்லி. நீ இருந்தவரைக்கும் வராத கடுதாசி. அந்தப் பிரஜாவுரிமைத் துண்டுக் காகிதம் இல்லாததால்தானே உன்னை வேலையில் கடைசிவரை 'தற்காலிகம்' என்றே வைத்திருந்தார்கள். இப்போது வா என்கிறார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்.

கோபத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவள் நான். கூரை ஒழுகினால் மனு, பீலிக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் மனு. 'மனு பாக்கியம்' என்று நீதானே பட்டம் கட்டினாய். செத்தவனுக்கு மனு எழுதியது மட்டும்தான் பாக்கி. உனக்கு மட்டும் எழுதி அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இது நம் இரண்டு பேரோடு நிற்கிற காரியமாக இல்லாமல் போய்விட்டது. அதனால் நம் தொழிற்சங்கத்துப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகிறது. படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

மடல் இங்கிலீஷில் இருந்ததால் மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதே டிஸ்பென்சர் ஐயாதான் இன்னும் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற மனுஷன். வரிசையில் இருமிக்கொண்டிருந்த நாலு பேரை அனுப்பிவிட்டு, எனக்காக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

உனக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள். உங்கள் பகுதிக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டதாம். மேசைக்கு மேசை காஸ் குழாயாம். வெளிநாட்டிலிருந்து ஒரு தராசு வந்திருக்கிறதாம், காகிதத்தில் ஒரு புள்ளி வைத்தால் அந்தப் புள்ளியின் எடையைக்கூடக் காட்டுமாம். நீ பழைய தராசின் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று சொல்வாயே, அதற்கெல்லாம் இனி வேலை இல்லை. உன்னோடு ஒரே மேசையில் படித்தவர் சீமைக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மாணவர்கள் கண்காட்சி வைத்து, தேங்காயெண்ணெயில் சவர்க்காரம் செய்து காட்டினார்களாம். கண்ணாடிச் சாமான் கழுவுகிற பியசேன மாத்தயா ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு ஒரு குடை கொடுத்தார்களாம். அத்தனை வருஷம் அமிலத்தில் கையை வேகவைத்துக்கொண்ட மனுஷனுக்குக் குடையா? நல்ல மனுஷன், கொடுத்த அன்றைக்கே சிரித்துக்கொண்டு விரித்துப் பார்த்திருப்பார்.

இதையெல்லாம் கேட்கும்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. உலகம் நிற்கவில்லை என்று தெரியும். அதை அச்சடித்து, உன் பெயர் போட்டு, நம் வீட்டுக்கே அனுப்பணுமா?

நாலாம் பக்கத்துக்கு வந்ததும் ஐயா நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். "இஞ்சை பாரும் பிள்ளை, உம்மட தம்பியின்ர பேர் கிடக்கு," என்றார்.

அச்சில் உன் பெயர். 'காலஞ்சென்ற திரு. கா. கணேசனின் கண்டுபிடிப்பு' என்று தலைப்பே போட்டிருக்கிறார்கள், தம்பி. உன் பேராசிரியர் உன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, நீ அளந்து வைத்த கணக்கையெல்லாம் ஒழுங்குபடுத்தி, பெரிய விஞ்ஞானிகள் கூடுகிற கூட்டத்தில் உன் பெயரிலேயே வாசித்தாராம். கேட்டவர்கள் அசந்து போனார்களாம். இந்த வருஷம் இரசாயனப் பகுதி செய்த சாதனைகளில் இதுதான் முதல் என்று எழுதியிருக்கிறது. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுகூட மாதிரி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறதாம்.

நான் அழுதேன். மருந்துக் காம்பரா வாசலிலேயே நின்று அழுதேன். ஐயாவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசி வரியில் கொழுந்து கொடுத்து உதவிய தோட்டத்துத் துரைக்கு நன்றி என்று இருந்தது. கொழுந்தைப் பறித்தவள் யார், அவித்தவள் யார், இடித்துச் சலித்தவள் யார்? துரை செய்தது, பேராசிரியர் எழுதிக் கேட்ட கடிதத்தில் 'சரி' என்று ஒரு கையெழுத்து. அதற்கு நன்றி. அப்போது அதற்காகத்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போது நினைத்தால், என் பெயர் அதில் இல்லாமல் போனது சாமி செய்த புண்ணியம்.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் நான் கேட்டேன். "அது சரிங்க, தம்பி என்னாதான் கண்டுபிடிச்சான்?"

ஐயா இன்னொரு தரம் படித்துவிட்டு விளக்கினார். "தேயிலையிலை ஒரு சாரம் இருக்கு, பிள்ளை. டானின் எண்டு சொல்லுவினம். தேத்தண்ணிக்கு நிறமும் துவர்ப்பும் அதாலைதான் வாறது. அது கொழுந்திலைதான் கூட, முத்தல் இலையிலை குறைவு எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தவை. உம்மட தம்பி என்ன செய்தவர் எண்டால், ரெண்டையும் அளந்து பாத்திருக்கிறார். இந்த மலையிலை முத்தலிலையும் கொழுந்தளவு கிடக்குது எண்டு கண்டிருக்கிறார். ஒரு இடத்திலை முத்தலிலைதான் கூடவாம். ஆச்சரியமான காரியம்!"

 கணேசு, உனக்கு நான் கொடுத்த கறுப்பு நூல் பையில் முத்தல் இலை இருக்கவே இல்லை.

நீ லீவுக்கு வந்திருந்த அந்தக் காலையை நினைத்துப் பார். நம் வீட்டுக் காம்பராவில், கொடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று நீ சொன்னாய்: "அக்கா, ரெண்டு பை. ஒரே மலையில, ஒரே நாள்ல பறிக்கணும். வெள்ள நூல் கட்டுன பையில ஒரு மொட்டு ரெண்டு இலை. கறுப்பு நூல் கட்டுன பையில கீழ இருக்கிற முத்தல் இலை. பறிச்ச உடனே ஆவி காட்டிக் காயவச்சு, இடிச்சு, துணியில சலிச்சு வச்சிரு. நான் வந்து எடுத்துக்கிறேன்."

"முத்தல் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"தேவைப்படுது, அதான்," என்றாய். அந்த ஒரு சொல்லோடு போய்விட்டாய். றொசல்லையில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாய். அடப் பாவி, இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் உன் ரயில் போய்விடுமா?

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? துரை இரண்டு பைக்கும் நல்ல கொழுந்து தர மனசு வராமல், ஒரு பைக்கு முத்தலை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டான், நீயும் வாய் பேசாமல் தலையாட்டிவிட்டாய் என்று நினைத்தேன். உன் குணம் எனக்குத் தெரியாதா? குறைச்சுப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளை. அதுவுமில்லாமல், ஒன்பது வயதில் கூடை தூக்கியவள் நான். என் கூடையில் ஒரு முத்தல் கிடந்து கங்காணி கையை விட்டு எடுத்துக் காட்டினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் முன்னால், கணேசன் அக்கா பறித்தது என்று சொல்லி முத்தல் இலையைக் கொண்டுபோய் வைப்பதா? லயத்துப் பெண்கள் கை இவ்வளவுதான் என்று அந்த மனுஷர் நினைக்கமாட்டாரா?

அதனால் கறுப்பு நூல் பையிலும் கொழுந்தையே போட்டேன். வெள்ளை நூல் பையை விடக் கொஞ்சம் பெரிய இலை, ஆனாலும் இளசு. பனியில் விரல் மரத்துப் போக, நிறை வரிசை முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகும் நின்று பறித்தேன். என் தம்பிக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு நல்லது செய்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது.

அடுத்த தரம் நீ வந்தபோது முகம் வாடியிருந்தது. "அக்கா, கறுப்பு நூல் பை சரியா வரல," என்றாய். "நல்லாப் பாத்துத்தான் பறிச்சியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கைய நீ சந்தேகப்படுறியா?" என்று கத்தினேன். நீ பயந்துபோய், "இல்லக்கா இல்லக்கா, இன்னொரு தரம் குடு, அளந்து பாக்கிறேன்," என்றாய். கொழுந்து போதாது போலிருக்கிறது, இன்னும் நல்லதாகக் கேட்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது தரம் இன்னும் இளசாகப் பார்த்துப் பறித்தேன். மூன்றாவது தரம், சாமி சத்தியமாகச் சொல்கிறேன், கறுப்பு நூல் பை முழுக்க வெறும் மொட்டு. அந்த மொட்டைச் சேர்க்க எனக்கு ஐந்து நாள் ஆனது. 'ஒரு இடத்தில் முத்தலில்தான் கூட' என்று அச்சில் வந்திருப்பது அந்தப் பைதான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஊரில் சொல்வார்கள். நான் குரங்கைப் பிடித்துப் பிள்ளையார் என்று உன் கையில் கொடுத்திருக்கிறேன். நீயும் பூசை போட்டிருக்கிறாய்.

அந்த லீவில் நீ ராத்திரிச் சாப்பாட்டைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து ஊதாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவாயாம், கீழே நீலமாக இருப்பது பொன் மஞ்சளாக மாறுகிற அந்தச் சொட்டோடு நிறுத்துவாயாம். "ஒவ்வொரு தரமும் சரியாத்தான் நிறுத்துறேன்க்கா, எங்க தப்புன்னே தெரியல," என்று என்னிடமே கேட்டாய். என்னிடமே! நான் அடுப்பு ஊதிக்கொண்டே, "கண்ணு கெட்டுப்போச்சோ என்னமோ, பொன்னாங்கண்ணி சாப்பிடு," என்றேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து உனக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து லொறியில் உன்னைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் திரும்பிக் கொண்டுவந்ததும் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை.

உன் சாவுக்கு அங்கிருந்து வந்தது பியசேன மாத்தயா ஒருவர்தான். இரண்டு ரயில் மாறி, மழையில் நனைந்து வந்தார். எனக்கு ஆறுதல் சொல்லணும் என்று, சிங்களம் பேசுகிற அந்த மனுஷன், தெரிந்த தமிழையெல்லாம் தேடித் தேடிச் சொன்னார். "ப்ரொபெசர் கேட்டது, கணேசன், பை மாறிப் போச்சா? பறிக்கிற ஆள் தப்பு செஞ்சதா? கணேசன் மாத்தயா கோவமா சொன்னது, இல்ல சேர். நம்ம அக்கா கையில தப்பு வர்றது இல்ல."

அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வருஷமாக அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். இப்போது உன்னைத்தான் கேட்கிறேன். எல்லா இடத்திலும் தப்பைத் தேடினாயே, என் கையில் மட்டும் ஏன் தேடவில்லை? படித்தவன்தானே நீ? அக்கா என்றால் சந்தேகப்படக் கூடாது என்று எந்த இரசாயனப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

இனி அம்மா கதையைக் கேள். மடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், நான் வாயைத் திறக்கு முன்னாலேயே அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாடி, தம்பி பேரு போட்டிருக்கா?" என்று கேட்டது. தலையாட்டினேன். எழுத்துத் தெரியாத மனுஷி, 'எது? எது?' என்று என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கச் சொல்லி, தன் விரலாலும் தடவிப் பார்த்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டது. ஹட்டனுக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வரச் சொல்லி நாலு நாளாக என்னை அரித்தெடுத்தது. மேல் லயம் கீழ் லயம் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. உன் சாவுக்குப் பிறகு அம்மா வாய்விட்டுப் பேசியது அந்த நாலு நாள்தான்.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், தம்பி. கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். டிஸ்பென்சர் ஐயாவிடம் மட்டும் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மருந்துப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தார்.

"விடும் பிள்ளை," என்றார் கடைசியில். "ஆருக்குத் தெரியப்போகுது? செத்த பிள்ளையின்ர பேர் ஒண்டு அச்சிலை வந்திட்டுது. அதை ஏன் கிளறுறீர்? நாளைக்கு வேற ஆரும் அளந்து பாத்துப் பிழை எண்டு சொல்லட்டும். அது வழமைதானே."

"அப்பச் சொல்றப்ப, கணேசன் தப்பா அளந்தான்னு தானுங்களே சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டு, வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதோடு போயிருந்தாலும் நான் அப்படியே இருந்திருப்பேனோ என்னவோ. போன செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல மழை. கருப்பாயி கூடையில் கங்காணி கையை விட்டு முத்தலை அள்ளிக் காட்டினார். உனக்குத்தான் கருப்பாயி வாயைத் தெரியுமே.

"என்னாங்க கங்காணி, சும்மா சும்மா கத்துறீங்க? முத்தலும் கொழுந்தும் ஒண்ணுதான்னு நம்ம கணேசு கண்டுபிடிச்சு வெள்ளக்காரனே ஒத்துக்கிட்டானாமே! பாக்கியம் வீட்டுச் செவுத்துல ஒட்டியிருக்கு, போயிப் பாருங்க!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். கங்காணிக்கு மூக்கின்மேல் கோபம். கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டார். "பொறுக்குடி. ஒவ்வொண்ணாப் பொறுக்கு. எந்தக் கணேசு வந்து ஒன்னைக் காப்பாத்துறான்னு பாப்போம்."

சேற்றில் குந்தி கருப்பாயி இலை இலையாகப் பொறுக்கினாள். நாலு மாதக் கர்ப்பம் அவளுக்கு. நானும் குந்திப் பொறுக்கினேன். அவள் என்னைப் பார்த்து, "நீ ஏன்டி அழுகுற? ஒன் தம்பி சொன்னதுதான் நெசம், இவனுக்கு என்னா தெரியும்?" என்றாள். கணேசு, அந்த நிமிஷம் மண் பிளந்து என்னை முழுங்காதா என்று இருந்தது. ஒரு பொய் என் கையிலிருந்து கிளம்பி, உன் புத்தகத்துக்குப் போய், பேராசிரியர் வாயில் ஏறி, கடல் தாண்டி, திரும்பி வந்து இந்தப் பெண்ணைச் சேற்றில் குந்தவைத்திருக்கிறது.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது உன் பேச்சு ஒன்று ஞாபகம் வந்தது. நான் ஒரு மனுவில் தப்பாக எழுதியதை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன். நீ பார்த்துவிட்டுச் சிரித்தாய். "எங்க லெபோரட்டரில இப்படிச் செஞ்சா வெளிய அனுப்பிருவாங்கக்கா. குறிப்புப் புத்தகத்தில எதையும் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, தாளக் கிழிக்கக் கூடாது. தப்புன்னா ஒரே ஒரு கோடு. கீழ எழுதுனது படிக்கத் தெரியணும். பக்கத்தில ஏன்னு எழுதிக் கையெழுத்து."

"எதுக்குடா தப்பக் காட்டிக்கிட்டு இருக்கணும்?"

"தப்பு எப்படி வந்துச்சுன்னும் தெரியணும்ல," என்றாய்.

வீட்டுக்கு வந்து, ஈரச் சேலையோடு அம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கறுப்பு நூல், வெள்ளை நூல், மொட்டு, எல்லாம். சொல்லும்போது அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. முருகன் படத்துப் பக்கத்தில் இருந்த காகிதத்தையும் பார்க்கவில்லை. அடிக்கப்போகிறது, இல்லாவிட்டால் மாரில் அடித்துக்கொண்டு அழப்போகிறது என்று காத்திருந்தேன்.

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டது: "புள்ள முத்தலத்தான் கேட்டானா?"

"ஆமாம்மா."

"பெரிய ஸ்கூலுக்குக் கொண்டுபோறதுக்கு?"

"ஆமாம்மா."

மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தது. பிறகு, "நானா இருந்தாலும் கொழுந்தத்தான்டி கிள்ளியிருப்பேன்," என்றது. அதைச் சொல்லும்போதுதான் அதற்குக் குரல் உடைந்தது. இரண்டு பேரும் அழுது முடித்தோம்.

பிறகு நீ சொன்ன அந்த ஒற்றைக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அழிக்க மாட்டார்கள், ஒரு கோடுதான் போடுவார்கள் என்று. அம்மா எழுந்து போய் அந்தக் காகிதத்தில் உன் பெயர்மேல் விரலை வைத்தது.

"கோடு போட்டா, கீழ புள்ள பேரு தெரியுமா?"

"தெரியும்மா. அளந்ததுக்குத்தான் கோடு. பேருக்கு இல்ல."

"அப்ப எழுது," என்றது. "சட்டம் போடவேணாம். காசு கெடக்கட்டும்."

எழுதிவிட்டேன், கணேசு. உன் பேராசிரியருக்கு எழுதி, டிஸ்பென்சர் ஐயாவை இங்கிலீஷில் மாற்றித் தரச் சொன்னேன். ஐயா முதலில் முடியாது என்றார். அப்புறம் 'திமிர் பிடிச்ச பிள்ளை' என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தரம் நல்லபடி எழுதினார். என் வாழ்நாளில் எவ்வளவோ மனு எழுதியிருக்கிறேன், எல்லாம் அடுத்தவர் செய்த அநியாயத்தைச் சொல்லி. என் தப்பைச் சொல்லி எழுதியது இதுதான் முதல் தரம். 

அதில் மூன்று காரியம் எழுதியிருக்கிறேன். கறுப்பு நூல் பையில் இருந்தது கொழுந்து, அதைப் போட்டவள் நான், தம்பிக்குத் தெரியாது. தம்பி அளந்ததில் ஒரு சொட்டும் பிசகில்லை, கொழுந்தைக் கொழுந்து என்றுதான் அவன் குழாய் ஒவ்வொரு தரமும் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. அதனால் அவன் குறிப்புப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துக்கு என் பெயரைப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஐயா அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் அப்படியே இங்கிலீஷில் எழுதினார்.

அவர்கள் பதில் போடுவார்களோ மாட்டார்களோ. கோபப்படுவார்களோ, சிரிப்பார்களோ. அடுத்த வருஷ மடலில் முதல் சாதனை காணாமல் போகும், வேறு யாருடைய பெயராவது வரும். வரட்டும். உனக்கு என்மேல் கோபமா என்று மட்டும் தெரிந்தால் போதும், அதைத்தான் யாரிடமும் கேட்க முடியாது. எனக்கு உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. 'முத்தல் எதுக்குடா' என்று கேட்டபோது நின்று சொல்லாமல் ரயிலுக்கு ஓடினாயே, அந்தக் கோபம் நான் சாகிறவரைக்கும் இருக்கும்.

கருப்பாயியிடமும் சொல்லிவிட்டேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில், கங்காணியும் கேட்கிற மாதிரியேதான் சொன்னேன். கருப்பாயி வாயில் கை வைத்துக்கொண்டு, "மொட்டையா போட்ட? பையி முழுக்க மொட்டா? அடிப் பாவி, அஞ்சு நாளா!" என்றாள். அத்தனை பேரும் என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஆனால் ஒருத்தியாவது, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மூடுபனி விலகியதும் நீ குறித்துக் கொடுத்த அதே மலைக்குப் போனேன். துரை கொடுத்த அனுமதிக் கடிதம் இன்னும் செல்லும் என்று கங்காணியிடம் காட்டித்தான் போனேன். வெள்ளை நூல் பைக்கு ஒரு மொட்டு ரெண்டு இலை பறித்தேன். பிறகு செடிக்கு அடியில் குனிந்து, கரும்பச்சையாக, தடித்து, காம்பு முற்றின இலையாகப் பார்த்துப் பறித்தேன். விரல் தானாக மேலே மேலே போகிறது, தம்பி. இழுத்து இழுத்துக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் என் கை பழகாத வேலை அது.

இப்போது இரண்டும் அடுப்புக்கு மேலே காய்கின்றன. அம்மா காவல் இருக்கிறது. நாளை மறுநாள் வட்டவளைப் பக்கம் போகிற டிஸ்பென்சர் ஐயா கையில் கொடுத்து, கடிதத்தோடு ரயிலில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். உன் புதுத் தராசில் யாரோ நிறுக்கட்டும், உன் ஊதாத் தண்ணீரை யாரோ சொட்டுச் சொட்டாக விடட்டும். அவர்கள் எத்தனை தரம் கேட்டாலும் அனுப்புவேன். கறுப்பு நூல் கட்டிய பையில் இனி ஒரு மொட்டுகூட இருக்காது. இது என் கைமேல் சத்தியம். அந்தக் கையில் தப்பு வராது என்று சொன்னவன் நீ. அதைக் கொஞ்சமாவது உண்மையாக்கிவிட்டுத்தான் இந்தக் கையைக் கீழே வைப்பேன்.

உனக்கு முத்தல் இலை பறிக்க மனசு வராமல் போன,
உன் அக்கா
பாக்கியம்